தனியாகச் சொல்லியிருக்கலாமே

கருத்து வேறுபாட்டைக் கொல்வதற்குத் தமிழில் இருக்கும் ஆயுதங்களில் மிக மிருதுவானது ‘இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாமே’ என்கிற வாக்கியம். இதைச் சொல்பவர் கோபப்படுவதில்லை. சொன்ன விஷயம் தப்பு என்று வாதிடுவதும் இல்லை. சொன்ன இடம் தப்பு என்கிறார், அவ்வளவுதான். அந்தக் கணத்திலிருந்து பேச்சு விஷயத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. விமர்சகனின் பண்பு, அவன் வளர்ந்த விதம், அவனுக்குள்ள மனத்தாங்கல் ஆகியவற்றைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. இலக்கிய உலகில் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துவிட்டது. இப்போது இதே வாக்கியத்தைக் கட்டற்ற மென்பொருள்காரர்களிடமிருந்து கேட்கிறேன். இதை எழுதக் காரணம் அதுதான்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு விளக்குவது சுலபம். ஒருவர் எழுதிய நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். பல உரிமங்கள், கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த உரிமையையும் சேர்த்துக் கொடு என்கின்றன. சம்பளம் கிடையாது. வேலை பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல். பெயர் வரலாம், வராமலும் போகலாம். 1959-ல் ‘எழுத்து’வை ஆரம்பித்த சி. சு. செல்லப்பா, பிறகு புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்ததை அறிந்தவர்களுக்கு இந்த மனோபாவம் அந்நியமாக இராது. ஒரே ஒரு வித்தியாசம். சிறுபத்திரிகைகளைக் கம்பெனிகள் சீண்டியதில்லை. எடுத்துக்கொண்டு போக அங்கே ஒன்றும் இல்லை. மென்பொருளில் இருக்கிறது.

எங்கள் ஊரில் மாணவர்களுக்காக இப்படியொரு கூட்டம் நடந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்லூரிப் பையன்களும் பெண்களும் லினக்ஸ் கற்றுக்கொள்வதும் தமிழில் கருவிகள் செய்வதும் சில வருஷங்களாக நடந்துவரும் காரியம்; நான் மதிக்கிற காரியம். இந்த முறை மண்டப வாடகை, சாப்பாடு, பனியன் எல்லாம் ஒரு கம்பெனியின் செலவு. பதிலுக்கு அவர்கள் கேட்டது என்ன, கொடுத்தது என்ன என்பது கூட்டத்துக்கு வந்த யாருக்கும் தெரியாது. கம்பெனிக்காரர் பேச்சு முக்கால் மணி நேரம். கேள்விக்கு நேரம் இல்லை. இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான என் நண்பர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

அவர் தரப்பைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. கம்பெனியில் இருப்பவர்களும் இதே கூட்டங்களில் வளர்ந்தவர்கள்தான், காதில் போட்டால் கேட்டுக்கொள்வார்கள் என்றார். பகிரங்கமாக எழுதினால் அவர்கள் வக்கீலைக் கேட்டுத்தான் பதில் சொல்வார்கள், அப்புறம் மனிதர்களோடு பேச முடியாது என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: ‘நீங்க பேங்க்ல இருக்கீங்க. இந்தப் பசங்க அங்கதான் வேலைக்கு மனு போடணும்.’ மூன்றாவதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. முதல் இரண்டும் எனக்குச் செல்லாத நோட்டு.

தமிழில் இதற்கு நல்ல முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. இன்றைய மாணவர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. அமீரகத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் ஆரம்ப வருஷங்களில் கிட்டத்தட்டத் தனி ஆளாக அதற்கு அஸ்திவாரம் போட்டார். அப்புறம் ஆசிரியர்கள், பொறியாளர்கள், புலம்பெயர்ந்தவர்கள், மாணவர்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். 2009 முடியும்போது கட்டுரைகள் 20,000-ஐ ஒட்டி இருந்தன. எல்லாம் கூலியில்லாமல் எழுதியவை.

அப்போது கூகுள் வந்தது. 2009-ல் அது வெளியிட்ட டிரான்ஸ்லேட்டர் டூல்கிட் என்ற கருவியைக் கொண்டு, ஒப்பந்தக்காரர்கள் வழியாகக் கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஹிந்தி முதலிய மொழிகளில் பெயர்த்து ஏற்றத் தொடங்கினார்கள். 2010 ஜூலையில் கூகுளே சொன்ன கணக்குப்படி எல்லா மொழிகளிலுமாக 1 கோடியே 60 லட்சம் சொற்கள். எந்தக் கட்டுரைகளைப் பெயர்ப்பது என்பதைக் கூகுள் தன் தேடல் கணக்கிலிருந்து எடுத்தது. இந்தியாவில் எந்த ஆங்கிலக் கட்டுரைகளை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அவை. ஆக, தமிழன் ஆங்கிலத்தில் எதைத் தேடுகிறானோ அதுதான் அவனுக்குத் தமிழிலும் வேண்டியிருக்கும் என்பது அனுமானம். அமெரிக்கப் பாடகிகளும் ஹாலிவுட் படங்களும் மருந்துப் பெயர்களும் தமிழில் வந்து குவிந்தன. நான் அப்போது பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரைகளில் ஒன்றின் நீண்ட வாக்கியத்தில் எழுவாயைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கத்துக்குத் தமிழர்கள் வைத்த பெயர் ஆலமரத்தடி. பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. இந்த விவகாரம் அந்த ஆலமரத்தடியில் பேசப்பட்டது. வாக்கியங்கள் உடைந்திருக்கின்றன, இணைப்புகள் செத்துக் கிடக்கின்றன, பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, ஏற்றியவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுகிறார், இதைத் துடைத்துக் கழுவும் வேலை சம்பளமில்லாத நம் தலையில் விழுகிறது என்றெல்லாம் எழுதினார்கள். வங்காளிகள் அந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்து நீக்கிவிட்டார்கள். தமிழர்கள் நிறுத்தச் சொன்னார்கள். பிறகு கூகுளோடு பேசி, கட்டுரைத் தேர்வில் தங்களுக்கும் சொல் இருக்க வேண்டும், ஏற்றியதைத் திருத்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 2010 ஜூலையில் போலந்தின் க்டான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ரவிசங்கர் இந்தத் திட்டத்தைப் பற்றிய விமர்சனத்தை முன்வைத்தார். அதே மாநாட்டில் கூகுளும் தன் தரப்பைச் சொன்னது.

இதில் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். அதே 2010-ன் பிப்ரவரியில்தான் கூகுள் விக்கிமீடியா அறக்கட்டளைக்கு 20 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்திருந்தது. நன்கொடை வாங்கிய வீட்டில், விருந்தாளிகள் நடுவில், கொடுத்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது நம் பண்பாட்டின்படி பெரிய அபசாரம். என் நண்பர் அங்கே இருந்திருந்தால் காதோரம் வந்து அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. பேசியதால் கூகுள் ஓடிப்போய்விடவும் இல்லை. உட்கார்ந்து பேசியது. ‘பகிரங்கமாகச் சொன்னால் உறவு அறுந்துவிடும்’ என்பதற்குத் தமிழிலேயே இருக்கும் மறுப்பு இது.

இதுவரை அவர்களைப் பாராட்டினேன். இனித் தகராறு. அன்று எழுதப்பட்டவற்றைப் படித்தால், தன்னார்வம் பற்றியும் தேர்வு பற்றியும் பேசியிருக்கிறார்கள், உண்மை. ஆனால் சூடெல்லாம் மொழித் தரத்தில்தான். அடித்த அடி அதிகமும் மொழிபெயர்ப்பாளன் முதுகில் விழுந்தது. அவன் யார்? சொல்லுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரன் கொடுக்கிற கூலிக்கு, தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாடகியின் வாழ்க்கையை இரவோடிரவாகத் தமிழாக்கியவன். தமிழிலக்கியம் படித்துவிட்டு வேலை கிடைக்காதவனாக இருக்கலாம். என் வகுப்பில் படித்தவனாகக்கூட இருக்கலாம். ஒரு வாரம் அவகாசமும் ஒரு சொல்லடைவும் கொடுத்திருந்தால் நன்றாகவே எழுதியிருப்பான். நம் தமிழ் அறிவாளிக்கு ஒரு வியாதி உண்டு. கம்பெனி வாசலில் நின்றுகொண்டு வாசல்காப்பவனின் இலக்கணத்தைத் திருத்துவான்.

தரம் பற்றிய புகாரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அது கம்பெனியின் சொந்த பாஷை. தரம் குறைவு என்று சொன்னால் அவர்கள் குறித்துக்கொள்வார்கள், நன்றி சொல்வார்கள், சரிசெய்தும் விடுவார்கள். சரிசெய்த அன்று உன் புகார் செத்துவிடும். இன்று அதுதான் நடந்திருக்கிறது. 2011 ஜூனில் கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் சேர்ந்தது. ஆரம்பத்தில் அதைக் கேலி செய்து மகிழ்ந்தோம். இப்போது மெஷின் பெயர்க்கும் தமிழ், அந்தக் கூலித் தமிழைவிட எவ்வளவோ தேவலை. 2009-ல் தரத்தை மட்டும் கேட்டவனுக்கு இப்போது கேட்க ஒன்றும் இல்லை.

கேட்டிருக்க வேண்டியது வேறு. டூல்கிட்டில் ஒருவர் மொழிபெயர்க்கும்போது ஆங்கில வாக்கியமும் அதற்கு நேர்த் தமிழ் வாக்கியமும் ஜோடி ஜோடியாகச் சேமிக்கப்படும். இதற்கு மொழிபெயர்ப்பு நினைவகம் என்று பெயர். மெஷினுக்கு மொழிபெயர்ப்புக் கற்றுத்தர அன்றைய முறையில் இந்த ஜோடிகள்தான் ஆகாரம்; தமிழில் அப்படிப்பட்ட ஜோடிகள் மிகக் குறைவாக இருந்த காலம். கட்டுரை விக்கிப்பீடியாவில் ஏறியது, பொதுச் சொத்தாக. யாரும் எடுத்துக்கொள்ளலாம், கூகுளும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வாக்கியம் வாக்கியமாக ஒட்டிச் சேர்த்த அந்த நினைவகம் யாரிடம் இருக்கும்? தமிழில் மெஷின் செய்ய நினைக்கும் ஒரு கல்லூரிப் பையனுக்கு அது கிடைக்குமா? பேரம் பேசும் இடத்தில் நாம் இருந்த ஒரே சமயம் அது. இரண்டு வருஷத்துக்குள் தமிழ் மெஷின் வந்துவிட்டது. 2019 டிசம்பரில் டூல்கிட்டையே கூகுள் மூடிவிட்டது. ஆலமரத்தடியில் விமர்சனம் நடந்தது சரி. நடந்த விமர்சனம் வாக்கியப் பிழையைத் தாண்டி ஒப்பந்தத்துக்குப் போகவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

இப்படிச் சொல்வது பின்புத்தி என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் எனக்கு இதைச் சொல்ல வழி இருப்பதே அவர்கள் பகிரங்கமாக எழுதிவைத்ததால்தான். யார் என்ன கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பது பதினைந்து வருஷம் கழித்தும் ஏட்டில் இருக்கிறது. சங்கராபுரத்தில் இருக்கும் ஒரு பெண் அதைப் படித்துவிட்டு அவர்கள் எங்கே கோட்டை விட்டார்கள் என்று சொல்லலாம். காதோரம் சொல்லப்பட்டதை யார் படிப்பது?

வங்கியில் இது பாலபாடம். வாய்ச்சொல்லுக்குக் கணக்கில் இடமில்லை. வவுச்சர் எழுதியவன் ஒருவன், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் இன்னொருவன். நகைக்கடனுக்கு வருகிறவரின் சங்கிலியை மதிப்பீட்டாளர் உள்ளறைக்கு எடுத்துப்போக முடியாது. உரைகல்லில் உரசுவதும் எடை போடுவதும் அந்த அம்மாள் கண்ணெதிரே நடந்தாக வேண்டும். மதிப்பீட்டாளர் திருடன் என்பதால் அல்ல. அவர் உத்தமராக இருந்தாலும் அப்படித்தான். இதில் யாரும் மனம் புண்படுவதில்லை. நூறு கிராம் நகைக்கு இருக்கும் மரியாதையை ஆயிரம் பேர் உழைப்புக்கும் கேட்டால் மட்டும் ‘சந்தேகப்படுகிறீர்களா?’ என்கிறார்கள்.

அந்தரங்கமாகச் சொல்லவே கூடாது என்பதல்ல. ஒருவர் தனிப்பட்ட முறையில் தவறியிருந்தால், ஒரு பெண்ணுக்குக் கூட்டத்தில் அவமரியாதை நடந்திருந்தால், அவள் விருப்பத்தைக் கேட்காமல் மேடை போடுவது அயோக்கியத்தனம். நிரலில் திருடன் நுழையக்கூடிய ஓட்டை இருந்தால் முதலில் உரியவரிடம்தான் சொல்ல வேண்டும். இந்த ஓட்டை விஷயத்திலும் கூகுளின் பிராஜக்ட் ஜீரோ குழு என்ன செய்கிறது பாருங்கள்: பிறர் மென்பொருளில் குறை கண்டால் ரகசியமாகத் தெரிவிக்கிறது, 90 நாள் கெடு வைக்கிறது, கெடு தாண்டினால் சரிசெய்யாவிட்டாலும் ஊரறியச் சொல்லிவிடுகிறது. அந்தரங்கத்துக்குக் கெடு வைக்காவிட்டால் அது கிணற்றில் போட்ட கல் என்பது கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது. கம்பெனியிடம் இதைக் கேட்கக் கூச்சப்படுவது நாம்தான்.

கெடுவும் ஏடும் இல்லாமல் எல்லாம் உள்ளே பேசிக்கொள்ளப்படும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு சென்ட்ஓஎஸ் கதை இருக்கிறது. உலகம் முழுவதும் சர்வர்களில் இலவசமாக ஓடிய லினக்ஸ் தொகுப்பு அது. 2014-ல் ரெட் ஹாட் கம்பெனி அதை அணைத்துக்கொண்டது. முக்கியமான தன்னார்வலர்களுக்கு வேலையும் கொடுத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். 2020 டிசம்பரில் ஒரு அறிவிப்பு வந்தது: 2029 வரை ஆதரவு இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட எட்டாம் பதிப்பு 2021-உடன் முடிகிறது. அதை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு முடிவுதான் வந்து சேர்ந்தது, விவாதம் வரவில்லை. உள்ளே யாராவது ஆட்சேபித்திருக்கலாம், மரியாதையாக, தனியாக. வெளியில் இருந்தவர்களுக்கு அதனால் ஒரு நாள் அவகாசம்கூடக் கிடைக்கவில்லை.

கள்ளக்குறிச்சிக்காரனுக்கு அந்தரங்கத்தின் விலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ஜாகீர்தார் வாசலில் நின்று குறை சொல்லிக்கொள்வது ஒன்று, தாலுகா ஆபீசில் மனு கொடுத்து ரசீது வாங்குவது வேறு ஒன்று. ஜாகீர்தார் நல்லவராக இருந்தால் கேட்டுக்கொள்வார். அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த முறையில் வேறு பாதுகாப்பு கிடையாது. கீழே டவுனில், 2024 ஜூனில், கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஊரில் சாராயம் விற்கிறது என்பது யாருக்கும் புதுச் செய்தி அல்ல. அவரவர் அவரவருக்குத் தெரிந்தவரிடம் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிணங்களையும் மென்பொருளையும் ஒரே தராசில் வைக்கவில்லை. வாய்மூடும் பழக்கம் ஒன்றேதான் என்கிறேன்.

இனி அந்த மூன்றாவது வாதம், பையன்களின் வேலை. அது நிஜமான பயம். அதனால்தான் அவர்களைப் பேசச் சொல்லவில்லை. நிரந்தர உத்தியோகமும் யூனியனும் உள்ள குமாஸ்தாக்கள், கல்லூரி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள் பேச வேண்டும். பேசாமல் பையன்களின் பயத்துக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்கிறோம். அமைப்பாளர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம்: கம்பெனியோடு எழுதிக்கொண்ட கடிதத்தை மண்டப வாசலில் ஒட்டுங்கள். எவ்வளவு பணம், எதற்கு, பதிலுக்கு என்ன. வந்தவர்கள் பெயரும் போன் நம்பரும் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டனவா, இல்லையா. ஒட்டிவிட்டால் எந்தப் பையனும் எழுந்து நின்று கேள்வி கேட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சிறுபத்திரிகையில் பின்னட்டை விளம்பரம் எவனுடையது என்பது அட்டையிலேயே தெரிகிறது. அந்த அளவு நாணயம் போதும்.

இது முடியாத காரியமல்ல. 2019 ஜனவரியில் விக்கிப்பீடியாவின் மொழிபெயர்ப்புக் கருவிக்குள் கூகுள் டிரான்ஸ்லேட்டைச் சேர்த்தபோது, எது கூகுளுக்குப் போகும், எது போகாது, விளைந்த மொழிபெயர்ப்பு எந்த உரிமத்தில் இருக்கும் என்று விக்கிமீடியா அறக்கட்டளை ஊரறியச் சொல்லிற்று. பத்து வருஷத்துக்கு முன்னால் இல்லாத வழக்கம். ஆலமரத்தடிச் சத்தங்களுக்கும் அதில் பங்கு இருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. மொஸில்லாவின் காமன் வாய்ஸுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறவர்கள், அந்தக் குரலை எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை என்றால் கொடுக்காமல் இருக்கலாம். தெரிந்து கொடுப்பதும் தெரியாமல் எடுக்கப்படுவதும் ஒன்றல்ல.

எழுத்தெல்லாம் எடுத்தாகிவிட்டது, இப்போது பேச்சுக்கு வருகிறார்கள். மலைமேல் வெள்ளிமலைக்கும் ஒருநாள் மைக்கோடு வருவார்கள். கல்வராயன் மலையாளி மக்கள் பேசும் தமிழ் எந்த மெஷினுக்கும் சரியாகத் தெரியாது, ஆகவே அதற்கு விலை உண்டு. கூட்டிக்கொண்டு வருவது நம் பையன்களாகத்தான் இருக்கும், நல்லெண்ணத்தோடு, பனியன் போட்டுக்கொண்டு. தமிழ் வளரும் என்பார்கள். வளரட்டும். பேசப் போகும் கிழவியிடம் கைநாட்டு வாங்குவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதி, வேங்கை மரத்தடியோ கோயில் வாசலோ, நாலு பேர் நடுவில் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்க ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை லீவுதான், கள்ளக்குறிச்சியிலிருந்து மேலே பஸ் போகிறது.